ஒத்தை மரம்னா இளக்காரமா?



பிள்ளையார்பாளையத்துத் தறி வீட்டுக் கொல்லையில் என்ன இருக்கிறது? ஒரு கொய்யா, ஒரு பப்பாளி, இடமிருந்தால் ஒரு தென்னை. இலையடியில் வெள்ளையாக மாவு அப்பினால் மருந்துக் கடைக்கு ஓடுகிறோம். இலையைக்கூடப் பார்க்காமல் "இதை அடிங்க, சரியாப் போயிடும்" என்று ஒரு பாட்டிலை நீட்டுகிறார்கள். கிணறும் அங்கேதான், பிள்ளைகள் விளையாடுவதும் அங்கேதான். அந்தப் பழத்தைத் தின்பது யாரு, மருந்து விற்றவனா?

அடித்தால் பூச்சியாவது சாகிறதா? 2008ல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டது. மரவள்ளி, கொய்யா, செம்பருத்தி என்று பரவி மல்பெரியிலும் ஏறியது. மல்பெரி போனால் பட்டுப்புழுவுக்குத் தீனி ஏது? புழு இல்லாமல் நம்ம தறிக்கு நூல் ஏது? விவசாயிகள் மருந்து மேல் மருந்து அடித்தார்கள். பூச்சியின் மேலே மெழுகுப் பூச்சு, மருந்து வழிந்தோடியது. செத்தது அதைத் தின்ன வந்த பொறிவண்டு! மல்பெரியை வேரோடு பிடுங்கிப் போட்டவர்களும் உண்டு.

தீர்வு பாட்டிலில் வரவில்லை. 2010ல் பெங்களூரு மத்திய ஆராய்ச்சி நிறுவனம் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோபேகஸ் பப்பாயே என்ற குளவியைக் கொண்டுவந்தது. கொசுவைவிடச் சின்னது, மனுசனைக் கொட்டாது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும், குஞ்சு உள்ளேயே தின்று வளரும். வளர்த்து வயலில் விட்ட சில மாதங்களில் பூச்சி அடங்கியது. 2016ல் பொள்ளாச்சித் தென்னையில் சுருள் வெள்ளை ஈ வந்தபோதும் என்கார்சியா என்ற குளவிதான் கைகொடுத்தது. விஷம் அடித்தால் முதலில் சாவது இந்தக் குளவிகளே.

ஆகவே தோழர்களே, முதலில் இலையைத் திருப்பிப் பாருங்கள். பழுப்பாக உப்பிய மாவுப்பூச்சி இருந்தால் குளவி வந்தாச்சு, தொடாதீர்கள். இல்லையென்றால் முற்றிய கிளையை வெட்டி எரியுங்கள். எறும்பை மரமேற விடாதீர்கள், அதுதான் பூச்சிக்குக் காவல். மிச்சத்துக்கு லிட்டருக்கு 20 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்பு. தென்னை ஓலையில் கரும்பூசணம் படிந்தால் லிட்டருக்கு 25 கிராம் மைதாக் கஞ்சி தெளித்தால் காய்ந்து உரிந்துவிடும்.

அரசைக் கேட்கிறோம்: ஏக்கர் கணக்கில் வைத்திருப்பவனுக்கு மட்டும்தான் தோட்டக்கலைத் துறையா? ஏகாம்பரம் என்றாலே ஒற்றை மாமரம்தான், அதன் பேரில் கோயில் கட்டிய ஊர் இது! ஒத்தை மரம் வைத்த வீட்டுக்கும் குளவி கொடு! வட்டாரந்தோறும் வாரம் ஒரு நாள் இலை பார்க்க அலுவலரை உட்கார வை! எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து என்று பில்லில் எழுதாமல் விற்பதைத் தடை செய்!