குட்டிக் குதிரையை லாயத்தில் கட்டலாமா?

ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் 1959 முதல் 1974 வரை ஒரு விநோதமான ராணுவ வண்டி தயாரானது. பெயர் ஸ்டெயர்-புக் ஹாஃப்லிங்கர். ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் பாரம் சுமந்த குதிரை இனத்தின் பெயர்தான் அது. பார்த்தால் சக்கரம் வைத்த பலகை மாதிரி இருக்கும்!

இந்தத் தகர டப்பாவுக்கு இவ்வளவு ரசிகர்களா என்று சிரிப்பவர்கள் கணக்கைப் பார்க்கட்டும். வண்டியின் எடை சுமார் 600 கிலோ. சுமப்பதோ ஏறக்குறைய 500 கிலோ! பின்னால் வெறும் 643 சிசி எஞ்சின், இரண்டே சிலிண்டர். சக்கரத்துக்குப் பக்கத்திலேயே தனிப் பல்சக்கரங்கள் வைத்து அச்சை மேலே தூக்கிவிட்டார்கள். அதனால் அடிவயிறு பாறையில் தட்டாது. முன், பின் டிஃபரன்ஷியல் இரண்டையும் பூட்டலாம். ஒரு சக்கரம் சேற்றில் சும்மா சுற்றினாலும் மற்றது இழுத்துவிடும்.

இப்படிப்பட்ட வண்டிகளை வைத்திருப்பவர்களில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி பெயிண்ட் அடித்து, ஷெட்டில் நிறுத்தி, விலை ஏறட்டும் என்று காத்திருக்கும். இன்னொரு கட்சி மலையேற்றும். உதிரி பாகம் சுலபமாகக் கிடைக்காது, உடைந்தால் என்ன செய்வது என்ற முதல் கட்சியின் பயம் நியாயமானதுதான்.

ஆனால் நின்றே கிடக்கும் வண்டியும் தேயத்தான் செய்யும். ரப்பர் காயும், பிரேக் இறுகும். அதைவிடப் பெரிய நஷ்டம், கழற்றி மாட்டத் தெரிந்த கைகள் பழக்கம் விட்டுப்போவது. பாகத்தைப் புதிதாகச் செய்துகொள்ளலாம், கைப்பழக்கத்தை எந்தக் கடையில் வாங்குவது?

ஆகவே ஓட்டுங்கள் ஐயா, ஓட்டுங்கள்! சேறு கழுவினால் போய்விடும்.