கற்பித்தலும் வேலை வாங்குதலும்

தை மாதத்தில், இரவெல்லாம் நீரில் ஊறிய பச்சை மொச்சையை ஓர் ஆறு வயதுப் பிள்ளையின் முன்னே வைத்துத் தோலைப் பிதுக்கச் சொன்னால், முதல் பத்துப் பருப்புகள் விரலிடுக்கிலிருந்து துள்ளிக் கூடத்து மூலைக்கு ஓடுவதும், பதினொன்றாவதை உள்ளங்கைப் பக்கம் திருப்பி மெல்ல அழுத்தினால் போதும் என்ற சூட்சுமம் பிள்ளைக்குத் தானாகவே பிடிபடுவதும், அக்கணத்தில் அதன் முகம் மலர்வதும் காணத்தக்க காட்சிகள். ஆயினும், அந்தப் பதினொன்றாவது பருப்பு வரையில் பொறுத்திருக்கும் பெரியவர்கள் வெகு சிலரே. ‘விடு, நானே செய்துவிடுகிறேன், வேன் வந்துவிடும்’ என்று பாத்திரத்தைப் பிடுங்கிக்கொள்வதே நம் இல்லங்களின் நித்திய வழக்கம்.

1939-ல் அடையாறு பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்றுச் சென்னைக்கு வந்து, யுத்தம் மூண்டமையால் சில ஆண்டுகள் இந்நாட்டிலேயே தங்க நேர்ந்த மரியா மாண்டிசோரி அம்மையார், ஒரு கூஜாவிலிருந்து மற்றொன்றுக்குச் சிந்தாமல் நீர் ஊற்றுவதையும், பொத்தான் மாட்டுவதையும், தரை பெருக்குவதையும் குழந்தைக் கல்வியின் ஆரம்ப அப்பியாசங்களாக வகுத்தவர். பெரியவர் நிதானமாக, அதிகம் பேசாமல் செய்து காட்டிவிட்டுத் தம் கையை விலக்கிக்கொள்ள வேண்டும் என்பதே அம்முறையின் சாரம். அவர் பெயர் தாங்கிய பள்ளிகளில் பெருங்கட்டணம் கட்டிப் பிள்ளையை நீர் ஊற்றப் பழக்கும் நாம், வீட்டுக்கு வந்ததும் ‘கொட்டிவிடுவாய்’ என்று அதே பிள்ளையின் கையிலிருந்து செம்பை வாங்கி வைத்துவிடுகிறோம்!

இங்கே ஓர் ஆட்சேபம் எழும், அது நியாயமானதே. 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் வீட்டிலிருந்து பெற்றோரின் தொழிலைப் பயிலட்டும் என்றபோது, அது குலக்கல்வி என்ற பெயர் பெற்று, பெரும் கிளர்ச்சிக்குப் பின் மறு ஆண்டே காமராசர் ஆட்சியில் கைவிடப்பட்டது. ‘வீட்டில் வேலை பழகு’ என்ற வாக்கியம், பிறப்பால் விதிக்கப்பட்ட வேலையை விட்டு விலகாதே என்ற ஆணையாகவே தலைமுறை தலைமுறையாக ஒலித்த சமூகத்தில், அந்த அச்சம் வீணானதென்று யார் சொல்ல முடியும்?

ஆகையால்தான், கற்பித்தல் வேறு, வேலை வாங்குதல் வேறு என்கிறேன். உண்ட தட்டைக் கழுவுதல், படுத்த பாயைச் சுருட்டுதல், கிழிந்த சட்டைக்குப் பொத்தான் தைத்தல், அரிசி களைந்து விரற்கணுவால் உலைநீரை மதிப்பிடுதல் ஆகிய இவை எந்தக் குலத்தின் தொழிலும் அல்ல. உடம்பென்று ஒன்று உள்ள யாவருக்கும் உரிய கடன்கள். ஆனால், பெண் என்ற ஒரே காரணத்தால் இவற்றை ஒருத்தியின் குலத்தொழிலாகவே ஆக்கி வைத்திருக்கிறோம். ஆறு வயது முதற்கொண்டு எல்லோரையும் கணக்கில் எடுத்த 2019-ஆம் ஆண்டின் மத்திய அரசு நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடமும், ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டனர். ஆண்களில் ஈடுபட்டோரே நூற்றுக்கு 26 பேர்தாம். அக்காளைப் பாத்திரம் தேய்க்க அனுப்பிவிட்டுத் தம்பியை வீட்டுப்பாடம் எழுத உட்காரவைக்கும் மாலைப்பொழுதில்தான் இந்த வித்தியாசம் வித்தூன்றப்படுகிறது.

படித்த தாய்மார்களே, ‘ஆம்பளைப் பிள்ளைக்கு எதுக்குங்க இதெல்லாம்?’ என்று என்னிடம் கேட்டதுண்டு. அவர்களை மட்டும் குறை சொல்வதில் அர்த்தமில்லை. மகனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய தகப்பனாருக்கு முதலில் அந்த வித்தை கைவர வேண்டுமே! சென்ற பொங்கலுக்கு முன், உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்ற என் நண்பர் ஒருவர், பேரனுடன் கூடத்தில் சம்மணமிட்டு, வாழ்நாளில் முதன்முறையாக மொச்சை பிதுக்கிக்கொண்டிருந்தார். நான் போனபோது இருவர் முன்னும் இரு குவியல்கள் இருந்தன. நண்பருடையதுதான் சிறியது.