மூன்றாம் தலைமுறைக்கு அப்பால்

ஆடி அமாவாசை விரதத்தன்று விடியற்காலையில் முகத்துவாரக் கடற்கரைக்குச் சென்றவர்கள் இந்தக் காட்சியைக் கண்டிருப்பார்கள். தருப்பை மோதிரம் அணிந்து, எள்ளும் நீரும் ஏந்தி, ஐயருக்கு முன்னே வரிசையாக அமர்ந்திருப்போரிடம் தகப்பனார் பெயரைக் கேட்டால் உடனே மறுமொழி வரும்; பாட்டனார் பெயரைச் சற்று யோசித்துச் சொல்வார்கள்; பூட்டனார் பெயரைக் கேட்கும்பொழுதோ, வெள்ளவத்தையிலிருந்து காரில் வந்திறங்கிய வைத்தியரும் கொட்டாஞ்சேனையிலிருந்து கால்நடையாக வந்த கடைச் சிப்பந்தியும் ஒரே விதமாகத் தயங்கி, பக்கத்தில் நிற்கும் முதியவரின் முகத்தைப் பார்ப்பார்கள். தாய் வழியில் கேட்டால் அந்தத் தயக்கம் ஒரு தலைமுறை முன்னதாகவே வந்துவிடும். தென்புலத்தார் கடனை இல்லறத்தானின் கடமைகளுள் தலையாயதாக வைத்த ஒரு சமூகம், அந்தத் தென்புலத்தாரின் நாமங்களை நூறு வருஷத்துக்குள் இழந்துவிடுவது எனக்கு நெடுநாளாக மனத்தை அறுக்கும் ஒரு துயரம்.

மத்திய கால இங்கிலாந்தின் பிரபு வமிசங்களைப் பற்றி வாசிக்கும்பொழுது, எண்ணூறு வருஷங்களுக்கு முன் இறந்த ஒருவனுடைய நான்காவது மகள் யாரை மணந்தாள், எத்தனை பிள்ளைகளைப் பெற்றாள் என்பது வரையில் அவர்களால் எப்படிச் சொல்ல முடிகிறது என்ற ஆச்சரியமே முதலில் எழுகிறது. காரணம் முன்னோரிடத்து அவர்களுக்கு நம்மிலும் மிகுந்த பக்தி இருந்தது என்பதன்று. அரசனிடமிருந்து நேராக நிலம் பெற்ற ஒருவன் இறந்தால், அரசாங்க உத்தியோகஸ்தன் அவ்வூருக்குச் சென்று, ஊரவர் சிலரைச் சத்தியம் செய்வித்து, இறந்தவனுக்கு எவ்வளவு காணி இருந்தது, அதன் வருமானம் என்ன, உரித்தாளி யார், அவருக்கு வயது என்ன என்று விசாரித்து எழுதி அனுப்பவேண்டும் என்னும் நியதி, பதின்மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தொடங்கி 1660ஆம் ஆண்டு வரையில் நடைமுறையில் இருந்தது. உரித்தாளி பராயமடைந்தவரா என்ற ஐயம் வந்தால், அவர் பிறந்த நாளை நினைவுகூரச் சாட்சிகள் அழைக்கப்பட்டார்கள்; என் மகனுக்கும் அன்றைக்குத்தான் ஞானஸ்நானம் என்று ஒருவரும், அந்த வாரத்தில்தான் நான் விழுந்து காலை முறித்துக்கொண்டேன் என்று இன்னொருவரும் சொன்னவையெல்லாம் எழுத்தில் ஏறின. அறுபத்துநான்காம் ஆண்டுச் சூறாவளிக்குப் பிந்திய பங்குனியில் பிறந்தவன் என்று நம் ஊர்க் கிழவிகள் கணக்குச் சொல்வதற்கும் இதற்கும் வித்தியாசம் ஒன்றே: அங்கே யாரோ ஒருவர் அதை எழுதிக்கொண்டார்.

வரியின் பொருட்டு எழுதப்பட்ட அந்த ஏடுகளே பிற்காலத்தில் உண்மைக்கு உரைகல்லாயின. 1066இல் வில்லியம் அரசனோடு கடல் கடந்து வந்த வீரனின் சந்ததி நாங்கள் என்று மார்தட்டிக்கொண்ட குடும்பங்கள் பல. ஹொரேஸ் ரௌண்ட் என்ற சரித்திராசிரியர் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தகைய வமிசாவளிகளைப் பழைய சாசனங்களோடு ஒப்பிட்டு, அவற்றுட் பல பொய்யாகப் புனையப்பட்டவை என்று தயவு தாட்சணியமின்றிக் காட்டினார். பொய் உதிர்ந்தபின் எஞ்சிய கதைகள் எவ்வளவோ மேலானவை. வில்லியம் மார்ஷல் என்பவன் சிறு பிரபு ஒருவனின் நான்காவது மகன், பிறக்கும்போது ஒரு துண்டு நிலத்துக்கும் உரிமையில்லாதவன். அவன் 1189இல் இசபெல் என்ற பெருஞ்சொத்துக்காரியை மணந்து, அவள் வழி வந்த ஆதனத்தினால் பெம்புரோக் பிரபுவாகி, ஈற்றில் குழந்தை அரசனுக்காக நாட்டையே பரிபாலித்து, 1219இல் இறந்தான். அவனுடைய ஐந்து ஆண்மக்களும் ஒருவர்பின் ஒருவராகப் பட்டத்துக்கு வந்து, ஒருவர்பின் ஒருவராக வாரிசின்றி மாண்டனர். 1245இல் ஆண்வழி அற்றுப்போக, அத்தனை பெரிய ஆஸ்தியும் ஐந்து பெண்மக்களின் வழியே சிதறி, இங்கிலாந்தின் பெருங்குடிகள் பலவற்றுள் கலந்தது. ஆண்வழியை மட்டும் எழுதியிருந்தால் அந்த வமிசம் அந்த வருஷத்தோடு முடிந்துபோனதாகவே நாம் நினைப்போம்.

நமக்கு இத்தகைய ஏடுகள் இல்லாமற் போயினவா என்றால், இல்லை. பறங்கியர் தொடங்கி ஒல்லாந்தர் வளர்த்த தோம்புகளில், காணித்தோம்பு நிலத்தையும், தலைத்தோம்பு அந்நிலத்துக்குரிய குடும்பத்தையும் எழுதிவைத்தது. அவற்றுள் எஞ்சியவை கொழும்பிலேயே தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கின்றன. அதனிலும் அருமையானது நம் வீட்டுப் பெட்டிகளிற் கிடக்கும் சீதன உறுதி. கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த திசாவை 1706இல் தொகுத்துக் கொடுத்த தேசவழமை, முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்தை மூவகையாகப் பிரித்து, சீதனம் தாயிடமிருந்து மகளுக்கு இறங்குவதை அங்கீகரித்தமையால், யாழ்ப்பாணத்துப் பெண்ணொருத்தியின் பெயர் சட்டத்தின் முன்னே நிலைத்தது. உறுதியை வாசித்துப் பாருங்கள்: இந்தக் காணி எமக்கு இன்ன இலக்க உறுதிப்படி எம் தாயார் சீதனமாகத் தந்தது என்று ஒரு வரி இருக்கும், அந்த இலக்கத்தைத் தேடிப் போனால் அங்கே அவளுடைய தாய் நிற்பாள், எல்லை சொல்லும் இடத்தில் கிழக்கிலும் வடக்கிலும் சகோதரிகளும் சகலன்மாரும் நிற்பார்கள். இப்படிப் படியேறிப் போக வழியுள்ள ஒரு சமூகம் படியின் அடியிலேயே உட்கார்ந்திருக்கிறது.

அதற்கு மாறாக நாம் நம்பியிருப்பது துதிகளை. முத்துராசக் கவிராயர் கைலாயமாலையிலே நல்லூர்க் கோயிலையும் குடியேற்றப்பட்ட பிரதானிகளையும் பாடினார். மேக்கறூன் என்ற ஒல்லாந்த அதிகாரியின் வேண்டுகோளின்படி மயில்வாகனப் புலவர் 1736ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாண வைபவமாலையை இயற்றினார். அவர்கள் செய்த உபகாரம் பெரிது. ஆயினும் அரச வமிசத்தின் வரிசையையும் காலத்தையும் முதலியார் இராசநாயகமும் நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசரும் ஆராயப் புகுந்தபோது, கல்வெட்டுக்களையும் போர்த்துக்கேயர் எழுத்துக்களையும் துணைக்கொண்டே பலவற்றைத் திருத்தவேண்டியிருந்தது என்பதை, இன்றும் தத்தம் குடியைச் சங்கிலி மன்னனின் சபையிலே கொண்டுபோய் நிறுத்தும் நம்மவர் மறந்துவிடலாகாது. மண்டபத்தில் வாசிக்கப்படும் அந்தியேட்டிக் கல்வெட்டுப் பாடல்களிலும் இதே குணம் உண்டு. இறந்தவரின் குலப்பெருமை விரிவாக வரும், தாயாரின் பிறந்த ஊர் வராது.

கொழும்பில் எல்லாரும் அறிந்த குடும்பத்தையே உதாரணமாகச் சொல்கிறேன். கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலின் கருங்கற்றூண்களைப் பார்த்து நிற்பவர்கள், 1857இல் அக்கோயிலை முதலிற் கட்டிய பொன்னம்பல முதலியாரையும், பின்னர் அதைக் கருங்கற் திருப்பணியாக்கிய மகனார் சேர் பொன்னம்பலம் இராமநாதனையும் சேர்த்தே நினைப்பார்கள். ஆனால் இராமநாதனும் அவர் தம்பி அருணாசலமும் அரசியலுக்கு வந்த வழி தாய்வழி. சட்டநிரூபண சபையில் முதன்முதலாகத் தமிழரின் பிரதிநிதியாக 1835இல் நியமனம் பெற்றவர், பருத்தித்துறைப் பக்கத்தைப் பூர்வீகமாகக் கொண்ட ஆறுமுகம்பிள்ளை குமாரசுவாமி முதலியார். அவருடைய மகள் செல்லாச்சியம்மையாரே இவ்விருவரையும் பெற்றவர். அவருடைய சகோதரர் சேர் முத்துக்குமாரசுவாமி, ஆங்கில மாது ஒருவரை மணந்து பெற்ற பிள்ளை கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. இத்தனை பெயர்களையும் ஒரே நூலில் கோப்பது செல்லாச்சியம்மையாரின் பெயர். நம் மேடைகளில் அப்பெயரை நான் கேட்டது மிக அருமை. இதே அருணாசலம் பதிவாளர் நாயகமாக இருந்து பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுகளைச் செம்மைப்படுத்தியவர், 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை நடத்தியவர் என்பதை எண்ணும்போது, பெயரை எழுதிவைப்பதன் அருமை அறிந்தவர் நம்மிடையே பிறந்தும் நாம் கற்றுக்கொள்ளவில்லையே என்று இருக்கிறது.

கொட்டாஞ்சேனைக்கு அணித்தாய் வுல்வெண்டால் மேட்டில் ஒல்லாந்தர் கட்டிய பழைய தேவாலயம் இருக்கிறது. தொகையில் நம்மிலும் எவ்வளவோ சிறியவர்களாகிய ஒல்லாந்தப் பறங்கியர், 1908இல் தமக்கென ஒரு சங்கம் நிறுவி, கோயிற் பதிவேடுகளையும் கல்லறை எழுத்துக்களையும் ஆதாரமாகக் கொண்டு, குடும்பம் குடும்பமாகத் தம் வமிசாவளியைச் சஞ்சிகையில் வெளியிட்டார்கள். பிற்பாடு அவர்களிற் பெரும்பகுதியினர் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்கள். பெயர்கள் மட்டும் இங்கே பத்திரமாக இருக்கின்றன. நம்மவர்களும் ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் போய்விட்டார்கள். பெயர்கள் எங்கே இருக்கின்றன?

எங்கள் வீட்டுப் பெயர்கள் எங்கே போயின என்று எனக்குத் தெரியும். 1983ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் வெள்ளவத்தையில் எங்கள் வீடு எரிந்தபோது, அம்மம்மாவின் றங்குப்பெட்டியும் எரிந்தது. அதற்குள் நான்கு தலைமுறைச் சாதக ஓலைகளும், சீதன உறுதிகளும், மங்கிய புகைப்படங்களும் இருந்தன. அகதி முகாமிலிருந்து கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போகும் வழியெல்லாம், நகைகளைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாத அம்மம்மா, அந்தப் பெட்டியைப் பற்றியே சொல்லிக்கொண்டு வந்தார். அதற்கு இரண்டு வருஷம் முன்னதாக யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் தொண்ணூற்றேழாயிரம் நூல்கள் எரிந்ததை உலகம் அறியும். வெள்ளவத்தை வீடுகளில் எரிந்த உறுதிகளை எவரும் எண்ணவில்லை.

குலம் கோத்திரம் பேசுவதால் நேர்ந்த கேடு போதாதா, மறுபடியும் வமிசாவளியா என்று கேட்பவர்களின் கோபம் நியாயமானது. கலியாணத் தரகர் பூர்வீகம் விசாரிக்கும் தொனியை நானும் கேட்டிருக்கிறேன். அது மனிதரைத் தரம்பிரிக்கும் தொனி. ஆனால் சாதிப் பெருமைக்குப் பெரும் சத்துரு உண்மையான வமிசாவளியே என்பது என் துணிபு. ஏட்டிலே தேடத் தேட, மன்னனின் சபை தூரப் போய், கடனுக்கு ஈடு வைத்த காணியும், மறுமணம் செய்த பாட்டியும், வேற்றூரிலிருந்தும் வேற்றுச் சமயத்திலிருந்தும் வந்து சேர்ந்த மருமக்களும் எதிர்ப்படுவார்கள். அவர்களை மறைக்காமல் எழுதுவதானால் எழுதுவோம். மறைப்பதானால் இம்முயற்சியே வேண்டியதில்லை. தோம்பில் நிலத்துக்கு உரியவராக ஏறமுடியாதவர்களும், காணியே இல்லாதிருந்த கொட்டாஞ்சேனைத் தோட்டக் குடும்பங்களும், மலைநாட்டிலிருந்து கொழும்புக்கு வந்தவர்களும் இதில் முதலிடம் பெறவேண்டும்; அவர்களுக்குத் தேவாலய ஞானஸ்நானப் பதிவும், பள்ளிக்கூட இடாப்பும், மூத்தவர்களின் வாய்ச்சொல்லுமே சாசனம்.

1942 முதல் இருந்துவரும் கொழும்புத் தமிழ்ச் சங்கம் தன் நூலகத்தில் இதற்கென ஒரு அறையை ஒதுக்கித் தரவேண்டும் என்று இதன்மூலம் கேட்டுக்கொள்கிறேன். உறுதிகளையும், பழைய கலியாணப் பத்திரிகைகளையும், அந்தியேட்டி மலர்களையும் பிரதியெடுத்து உரியவரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம்; 2005 முதல் இணையத்தில் ஈழத்து நூல்களைச் சேமித்துவரும் நூலகம் நிறுவனம், இத்தகைய வேலை கைகூடும் என்பதைக் காட்டியிருக்கிறது. வெள்ளவத்தை மாடிக் குடியிருப்புக்களில் தொண்ணூறு வயதைத் தாண்டியவர்கள், பிள்ளைகள் கடல் கடந்து போனபின் தனியே இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு கொப்பியோடு போய், உங்கள் அம்மாவின் அம்மா எந்த ஊர் என்று கேட்பதற்கு எந்தச் சங்கத்தின் தீர்மானமும் தேவையில்லை.

எரிந்துபோன உறுதிகளுள் ஒன்றின் இரண்டாம் பிரதி, நெடுங்காலத்துக்குப்பின், காணிப் பதிவகத்தில் எனக்குக் கிடைத்தது. அம்மம்மாவின் அம்மம்மா தன் மகளுக்கு மூன்று பரப்புக் காணியையும் ஒரு கிணற்றிற் பங்கையும் கொடுத்த உறுதி. அவருக்கு எழுதத் தெரியாது. கையொப்பமிடும் இடத்தில் நடுங்கிய கோடுகளால் ஒரு புள்ளடி இட்டிருக்கிறார். அதன் இருபுறமும் நொத்தாரிசு அவருடைய பெயரை எழுதியிருக்கிறார். எங்கள் வீட்டில் உயிரோடிருப்பவர் எவரும் அதுவரை கேட்டறியாத பெயர். அதை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி, வருகிற சித்திராபௌர்ணமிக்கு ஐயரிடம் கொடுப்பதற்காகச் சுவாமியறையில் வைத்திருக்கிறேன்.