கேமராவைக் கண்டால் நடுங்கும் பேராசிரியர்கள்! பயிற்சி கொடுப்பது எப்போது?

சிலமலை பக்கத்தில் விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். போடிமெட்டு சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்கள் போகிறார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இன்று காலேஜில் படிக்கிறார்கள். ஏலக்காய் எடுப்பு நேரத்தில் சில பிள்ளைகளும் கூலிக்கு மலை ஏறுவது உண்டு. அன்றைய பாடம் போச்சு!

போன பாடத்தைத் திரும்பக் கேட்க வழி, வீடியோ. பையன் கையில் செல்போன் இருக்கிறது. அவனுடைய வாத்தியாரின் வீடியோதான் இல்லை!

40 வருஷ சமாச்சாரம்

வீடியோ பாடம் நேற்று முளைத்தது அல்ல. 1984 ஆகஸ்டு 15-ந்தேதியே பல்கலைக்கழக மானியக் குழு தூர்தர்ஷனில் கல்லூரிப் பாடம் ஒளிபரப்ப ஆரம்பித்தது. படம் எடுப்பதற்காக சென்னை அண்ணா பல்கலைக்கழகத்திலும், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் தனி நிலையங்கள் வந்தன. கேமராவுக்கு ஒரு ஆள், விளக்குக்கு ஒரு ஆள், வெட்டி ஒட்ட ஒரு ஆள். பேராசிரியர் வந்து பேசினால் போதும்.

2017-ல் மத்திய அரசு 'சுவயம்' திட்டத்தைத் தொடங்கியது. ஒரு செமஸ்டரில் 40 சதவீதம் வரை பாடங்களை அதிலேயே படிக்கலாம் என்று 2021-ல் விதியும் வந்தது. நல்ல காரியம்தான். ஆனால் அங்கே பெரும்பாலும் இங்கிலீசு ராஜ்யம். தமிழில் படித்து வந்த பிள்ளை என்ன செய்யும்?

2020-ல் கொரோனா வந்தது. காலேஜ்களுக்குப் பூட்டு! ஒரு நாள் பயிற்சிகூட இல்லாத வாத்தியார்கள் செல்போன் முன்னால் உட்கார்ந்தார்கள். நோட்டைப் பார்த்து ஒரு மணி நேரம் வாசித்தவர்கள் உண்டு. கேட்ட பிள்ளைகள் தூங்கியதில் என்ன தப்பு?

6 நிமிடம் போதும்

பயிற்சி என்றால் லட்சக்கணக்கில் செலவு என்று பயப்பட வேண்டாம். அமெரிக்காவில் ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் தொடங்கிய 'எட்எக்ஸ்' பாடங்களை மாணவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று 2014-ல் ஓர் ஆய்வு வந்தது. சுமார் 69 லட்சம் தடவை பார்த்த கணக்கு அது. வீடியோ எவ்வளவு நீளமானாலும், பிள்ளைகள் ஊன்றிப் பார்ப்பது 6 நிமிடம்தானாம்! ஸ்டூடியோ படத்தைவிட, மேஜையில் உட்கார்ந்து சகஜமாகப் பேசிய படமே அதிகம் எடுபட்டதாம்.

ஆக, சொல்லிக் கொடுக்க வேண்டியது இதுதான். ஒரு வீடியோவுக்கு ஒரே விஷயம். சட்டையில் குத்தும் சின்ன மைக். கையால் எழுதிக் காட்டுவது. வகுப்பில் பேசுகிற அதே தமிழ். மலையில் சிக்னல் மோசம். ஆகவே இறக்கி வைத்துப் பார்க்கும்படி சின்ன அளவில் படம்.

வேலைக்கு வேட்டா?

"வீடியோ எடுத்துக்கொண்டு, ஆளை வீட்டுக்கு அனுப்பிவிட்டால்?" இப்படி ஒரு பயம் இருக்கிறது. முக்கியமாக, நிரந்தர வேலை இல்லாத கவுரவ விரிவுரையாளர்களுக்கு. அது நியாயமான பயம். வீடியோவைக் காட்டி ஒரு பணியிடம்கூடக் குறைக்கக் கூடாது என்று அரசு எழுத்தில் கொடுக்க வேண்டும். படம் எடுக்கும் நேரத்தையும் வேலை நேரமாகக் கணக்கிட வேண்டும். சும்மா செய் என்றால் யார் செய்வார்கள்?

சந்தேகம் கேட்டால் பதில் சொல்ல வீடியோவால் முடியாது. அதற்கு வாத்தியார்தான் வேண்டும்.

மதுரையில் படம் எடுக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். போடியில் பாடம் நடத்தத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். 2023 ஜூன் 15-ந்தேதி முதல் போடிக்கு அகல ரெயிலே வந்துவிட்டது. ஒரு வாரப் பயிற்சி மட்டும் வராதா?