அறிவியல் அரங்கு: ஒளியே படைக்கலமாக

2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள், ஆந்திர மாநிலம் கர்நூலில் உள்ள சோதனைக் களத்தில், நம் நாட்டுப் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையினர் அமைத்த 30 கிலோவாட் லேசர்க் கருவியொன்று ஆளில்லா விமானங்களை வானிலேயே எரித்து வீழ்த்தியது. இச்செய்தி வந்தபின், இனிப் பீரங்கிக்கும் ஏவுகணைக்கும் வேலையில்லை என்று நம் அன்பர்கள் சிலர் கூறக் கேட்டேன். அத்துணை தூரம் செல்வதற்கு இடமுண்டா என்பதை இம்மாதம் ஆராய்வோம்.

1960-இல் அமெரிக்கரான மைமன் என்பார் செயற்கை மாணிக்கக் கல்லைக் கொண்டு முதல் லேசரை இயக்கிக் காட்டினார். சாதாரண விளக்கொளி நாற்புறமும் சிதறும். லேசரொளியோ ஒரே நிறத்ததாய், ஒரே திசையில் செறிந்து செல்லும். வீட்டு இஸ்திரிப் பெட்டி ஏறத்தாழ 1 கிலோவாட் வெப்பம் தரும். அத்தகைய முப்பது பெட்டிகளின் வெப்பத்தை ஓர் உள்ளங்கையளவு இடத்தில் குவித்தால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். குண்டுபோல் இது வெடிப்பதில்லை. சில விநாடிகள் ஒரே இடத்தில் நிலைத்து நின்று, இறக்கையையோ கருவிகளையோ பொசுக்குகிறது. படைகளில் பயன்படும் இக்கதிர்கள் பெரும்பாலும் கண்ணுக்குப் புலப்படாதவை.

இதன் பெருங்கவர்ச்சி சிக்கனமே. செங்கடலில் 2023-ஆம் ஆண்டிறுதி முதல், சில ஆயிரம் டாலர் பெறுமான ஆளில்லா விமானங்களை வீழ்த்த, பத்து லட்சம் டாலருக்கும் மேற்பட்ட ஏவுகணைகளை அமெரிக்கக் கடற்படை செலவிட நேர்ந்தது. பிரிட்டனின் ‘டிராகன்ஃபயர்’ லேசரை ஒருமுறை செலுத்த ஏறக்குறைய 10 பவுன் போதும் என்கின்றனர். ஆனால் இக்கணக்கு, ரயில் எஞ்சினின் விலையை விட்டுவிட்டு டீசல் செலவை மட்டும் காட்டுவதை ஒக்கும். எங்கள் அலுவலகத்தில் இவ்வாறு கணக்கெழுதினால் தணிக்கையாளர் விடமாட்டார்.

பெரிய ஆசை என்னவாயிற்று என்பதற்கும் சான்றுண்டு. போயிங் 747 விமானமொன்றின் மூக்கில், இரசாயன முறையில் இயங்கும் மாபெரும் லேசரை அமெரிக்கர் பொருத்தினர். 2010-ஆம் ஆண்டு பிப்ரவரி 11-இல் அது கலிபோர்னியக் கடற்கரைக்கு அப்பால், மேலெழுந்துகொண்டிருந்த ஏவுகணையொன்றை அழித்தது. வெற்றிதான்! ஆயினும் 2011 இறுதியில் திட்டம் கைவிடப்பட்டது. அதற்குள் செலவான தொகை சுமார் 500 கோடி டாலர். பாதுகாப்பு அமைச்சராயிருந்த கேட்ஸ் கூறிய காரணம் எளியது: கதிர் எட்டும் தூரம் போதாது, ஏவுகணை கிளம்பும் பகைநாட்டின் எல்லைக்குள்ளேயே அவ்விமானம் வட்டமிட வேண்டும். அத்தனை பெரிய விமானத்தை எந்தப் பகைவன் அங்கே விட்டுவைப்பான்?

கதிரின் முதற்பகை காற்றே. தூசியும் மழையும் ஈரமும் ஒளியைச் சிதறச் செய்யும். போதாக்குறைக்கு, கதிர் தான் செல்லும் வழியிலுள்ள காற்றைச் சூடாக்க, அக்காற்றே கண்ணாடிவில்லைபோல் நின்று கதிரை விரித்துவிடும். வட இந்தியாவில் மார்கழி, தை மாதங்களைக் கழிக்கும் நம் குடும்பங்களுக்கு மூடுபனியைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. சிக்னல் விளக்கு தெரியாதென்று தண்டவாளத்தில் வெடி வைத்து ஓசையால் ஓட்டுநரை எச்சரிக்கும் வழக்கம் ஒளியின் இவ்விடர்ப்பாட்டால் எழுந்ததே. மேலும், மலைக்கு அப்பால் மறைந்திருப்பதை லேசர் தொடாது. ஒரு கருவி ஒரு நேரத்தில் ஓர் இலக்கையே எரிக்கும். செலுத்தும் மின்சாரத்தில் பெரும்பகுதி வீண்வெப்பமாகிக் கருவியையே கொதிக்கச் செய்யும். அதனைத் தணிக்கும் குளிர்விப்பு ஏற்பாடுகளால் பாரம் கூடும்.

ஆகவே தெளிந்த வானில், சில கிலோமீட்டருக்குள், சிறு விமானங்களையும் படகுகளையும் தடுப்பதற்கு இது நல்ல துணை. 2014-இல் அமெரிக்கா பாரசீக வளைகுடாவில் ‘பான்ஸ்’ என்ற கப்பலில் நிறுத்திய 30 கிலோவாட் லேசரும் இவ்வேலைக்கே வந்தது. பீரங்கியையும் ஏவுகணையையும் விலக்கிவிட்டு இதனை மட்டும் நம்பும் படை எதுவுமில்லை.

பிள்ளைகளைப் படைக்கு அனுப்பியுள்ள வீட்டார் அறிய வேண்டியது இன்னொன்று. உலோகத்தைப் பொசுக்கும் முன்னரே இவ்வொளி கண்ணைக் கெடுத்துவிடும். மிகக் குறைந்த ஆற்றலே அதற்குப் போதும். வீரர்களை நிரந்தரமாகக் குருடாக்குவதற்கென்றே செய்யப்படும் லேசர்களை 1995-இல் வியன்னாவில் உருவான உடன்படிக்கை தடை செய்துள்ளது. இந்தியாவும் அதில் சேர்ந்திருக்கிறது. எனினும் வேறு இலக்கை நோக்கி முறைப்படி செலுத்திய கதிர் தற்செயலாக ஒருவர் கண்ணிற்பட்டுப் பார்வை போனால், அது தடைக்குள் அடங்காதென அதே உடன்படிக்கை கூறுகிறது.