விலை இறங்கினால் வாழ்வும் இறங்க வேண்டுமா?

வாணிபம் மந்தப்படுகிறது என்ற பேச்சு எழுந்துவிட்டால் தோட்டத்தில் எல்லார் வாயிலும் ஒரே கேள்விதான்: "இனி நம் கதி என்ன?" பிரட்டுக்களத்தில் பால்வெட்டுத் தோழர் கேட்கிறார். ஆபீசில் செக்ரோல் எழுதும் கிராணியாரும் கேட்கிறார். "விலை விழுந்தால் வாழ்க்கைத்தரமும் விழத்தானே செய்யும்? மழை பெய்தால் நனைய வேண்டியதுதான்" என்று சிலர் தத்துவம் பேசி முடித்துவிடுகிறார்கள். இந்தத் தத்துவத்தை நாம் ஏற்பதற்கில்லை. மழை எல்லார் தலைமீதும்தான் பெய்கிறது. குடை இருப்பவன் வீட்டுக்கு நனையாமல் போய்ச் சேருகிறான். ஆகவே குடை யாரிடம் இருக்கிறது என்பதே கேள்வி.

சரித்திரத்தைப் புரட்டிப் பார்ப்போம். 1925-இல் லண்டன் சந்தையில் ஒரு ராத்தல் ரப்பர் 4 ஷில்லிங்குக்கும் மேல் விற்றது. 1932-இல் அதே ராத்தல் 2 பென்னிக்கும் கீழே போயிற்று. அந்த வீழ்ச்சியைச் சுமந்தவர் யார்? ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்றிருந்த நாட்கூலியை முதலில் வெட்டினார்கள். பிறகு ஆட்களையே வெட்டினார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நம் மக்கள் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1934-இல் பன்னாட்டு ரப்பர் ஒப்பந்தம் வந்து விலை தலைநிமிர்ந்தது. கூலியோ நொண்டி நொண்டி நடந்து பழைய 50 காசுக்கு வந்து சேர்ந்தது. சேர்ந்து மூச்சு வாங்குவதற்குள், 1938-இல் விலை மீண்டும் தளரவே, 50 காசு 45 காசாயிற்று. அந்த ஆண்டிலேயே இந்திய அரசாங்கம் தோட்டங்களுக்குத் தொழிலாளர்களை அனுப்புவதை நிறுத்தியது.

கொரியப் போரின்போது, 1951 தொடக்கத்தில், ராத்தல் 2 வெள்ளியைத் தாண்டியது. 1953-இல் ஏறத்தாழ அதில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிற்று. விலையோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்த கூலியும் கூடவே இறங்கிற்று. பிரிந்து கிடந்த தொழிற்சங்கங்கள் ஒன்றுகூடி 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது இந்தச் சூழ்நிலையில்தான் என்பதை இளைய தோழர்கள் நினைவில் வைக்க வேண்டும். விலை இறங்கும்போது கூலி அதனோடு ஓடுகிறது. விலை ஏறும்போது கூலி பின்தங்கி நிற்கிறது. நம் பாட்டன்மார் பட்டுத் தெளிந்த பாடம் இது.

"அதெல்லாம் பழங்கதை, மந்தம் வரும், போகும், நாடு மீண்டும் எழும்" என்று சொல்பவர்கள் உண்டு. நாடு எழுவது உண்மைதான். 1998-இல் மலேசியாவின் உற்பத்தி 7.4 விழுக்காடு சுருங்கியது. அடுத்த ஆண்டே வளரத் தொடங்கியது. 2020-இல் கொரோனா நோயால் 5 விழுக்காட்டுக்கும் மேல் சுருங்கியது. 2022-இல் 8 விழுக்காட்டுக்கும் மேல் வளர்ந்தது. நாடு எழுந்துவிட்டது. வீடு எழுந்ததா?

தோட்டத்து வீட்டுக்குள் மந்தம் எப்படி நுழைகிறது என்பதை நாம் அறிவோம். முதலில் மீனும் இறைச்சியும் குறையும். பிறகு கடைக்காரரின் பற்றுப் புத்தகத்தில் பக்கங்கள் நீளும். அதன்பின் தாயின் கழுத்தில் கிடப்பது அடகுக்கடைக்குப் போகும். அடுத்து மகளின் டியூஷன் நிற்கும். கடைசியில், ஐந்தாம் படிவம் முடித்த மகன் மேற்படிப்பு விண்ணப்பத்தை மடித்து வைத்துவிட்டுத் தொழிற்சாலை பஸ் ஏறுவான். விலை மீண்டும் ஏறினால் மீன் சட்டிக்கு வந்துவிடும். கடைப்பற்றும் ஒரு நாள் தீரும். நகை திரும்புவது ஐயம். பிள்ளையின் படிப்போ திரும்புவதேயில்லை.

சேமநிதியைப் பாருங்கள். கொரோனாக் காலத்தில், 2020 முதல் 2022 வரை, விசேஷ அனுமதிகளின் பேரில் ஊழியர் சேமநிதியிலிருந்து நாடு முழுவதும் உறுப்பினர்கள் எடுத்த தொகை 145 பில்லியன் வெள்ளி. முதுமைக்கென்று வைத்த பணம் அன்றாடச் சோற்றுக்குக் கரைந்தது. எடுத்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை. பசித்த பிள்ளையிடம் "55 வயதுவரை பொறு" என்று யார் சொல்வார்? ஆனால் அந்த மந்தத்தின் கணக்கு இன்னும் முடியவில்லை. அவர்கள் வேலையிலிருந்து ஓய்வு பெறும் நாளில்தான் அது வாசலில் வந்து நிற்கும்.

முதலாளிமார் தரப்பு வாதத்தையும் நேர்மையாகக் கேட்போம். "ரப்பர் விலையை நாங்கள் வைப்பதில்லை. தாய்லாந்தும் இந்தோனேசியாவும் நம்மைவிட அதிகம் விளைவிக்கின்றன. செயற்கை ரப்பர் வேறு போட்டிக்கு நிற்கிறது. விற்கும் விலை குறைந்தால் கூலிக்கு எங்கே போவது? வற்புறுத்தினால் தோட்டத்தை மூடுவோம்" என்கிறார்கள். விலையை அவர்கள் வைப்பதில்லை என்பது உண்மை. நாமும் வைப்பதில்லையே! நல்ல ஆண்டுகளில் லாபத்தை ஒதுக்கி வைக்க நிறுவனத்துக்கு வழியுண்டு. பாங்கு கடன் கொடுக்கும். நிலம் கையில் இருக்கிறது. மழை நாளில் மரம் வெட்ட முடியாமல், இலையுதிர் காலத்தில் பால் குறைந்து, அந்த மாதக் கூலியைக் கொண்டே அந்த மாதம் பிழைக்கும் குடும்பத்துக்கு என்ன ஒதுக்கீடு உண்டு? தாங்க முடிந்தவன் தோளை விலக்கிக்கொண்டு, தாங்க முடியாதவன் தலையில் பாரத்தை ஏற்றுவது எந்த நியாயம்?

மூடுவோம் என்ற பயமுறுத்தலும் புதிதன்று. 1950-களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டது கூலி உயர்வினாலா? நிலத்தை விற்பதில் கிடைத்த லாபத்தினால். அதைக் கண்டுதான் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர் பணத்தைக் கொண்டே தோட்டங்களை வாங்க வழிகாட்டினார். பின்னாளில் பல ரப்பர் காடுகள் செம்பனையாயின. பல வீடமைப்புப் பகுதிகளாயின. அங்கெல்லாம் வேலையோடு வீடும் போயிற்று. தோட்டத்துக்காரனுக்கு இரண்டும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருப்பதால், பட்டணத்தில் வேலை இழப்பவனைவிட அவன் அதிகம் இழக்கிறான்.

இன்று நமக்கென்று ஒரு குடை ஓரளவு விரிந்திருக்கிறது. குறைந்தபட்சச் சம்பளம் 2013-இல் தீபகற்பத்தில் 900 வெள்ளி என்று தொடங்கி, 2022-இல் 1,500 ஆகி, 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியாயிற்று. எடைக்குக் கூலி பெறுபவரின் மாத வருமானமும் இதற்குக் கீழே போகக்கூடாது என்பது சட்டம். ரப்பர் விலை எதுவானாலும் இந்தக் கோடு நிற்கும். ஆனால் ஏட்டில் இருக்கும் கோடு வீட்டுக்கு வந்து சேருவது செக்ரோல் வழியாகத்தான். ஆகையால் கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை: தோழர் வேலைக்கு வந்த நாளையும், வந்தும் வேலை கொடுக்கப்படாத நாளையும் உள்ளது உள்ளபடி எழுதுங்கள். மாதச் சம்பளக்காரர் என்பதால் நமக்கு மந்தம் வராது என்று இருந்துவிடாதீர்கள். பால்காடு சுருங்கினால் ஆபீசும் சுருங்கும்.

நாம் கேட்க வேண்டியவை மூன்று. முதலாவது, விலைப்படி ஏறட்டும். அடிப்படைக் கூலி எந்த விலையிலும் இறங்கலாகாது. இரண்டாவது, வேலை போனாலும் வீடு போகாதபடி, தொழிலாளருக்குச் சொந்த வீட்டுத் திட்டம் தோட்டம் நன்றாக நடக்கும்போதே வேண்டும். விற்பனைப் பத்திரம் எழுதிய பிறகு கேட்டுப் பயனில்லை. மூன்றாவது, நம்மோடு நிரை பிடித்து வெட்டும் இந்தோனேசியருக்கும் வங்காளதேசத்தவருக்கும் இதே கூலி, இதே உரிமை. அவர் கூலி தாழ்ந்தால், அதையே காட்டி நம் கூலியையும் தாழ்த்துவார்கள்.

மந்தம் மீண்டும் வராது என்று யாரும் உறுதி கூற முடியாது. அது வரும் நாளில் நம் வீட்டு உலை கொதிக்குமா என்பது, விலை நன்றாக இருக்கும் நாளில் நாம் என்ன ஒப்பந்தம் எழுதி வாங்குகிறோம் என்பதைப் பொறுத்தது. வெள்ளம் வருமுன் அணை போடு என்றார்கள் பெரியோர். அணைக்கு மண் சுமக்க அடுத்த கிளைக்கூட்டத்துக்கு வாருங்கள், தோழர்களே! சந்தாவும் கட்டுங்கள்; வாயும் திறங்கள்.