பந்தலில் தொடங்கட்டும் பசுமைப் பணி

தைப்பூசம் என்றதும் பினாங்கு வாழ் இந்துக்களின் உள்ளத்தில் எழுவது தண்ணீர்மலைதான். இரதம் வரும் வீதியெங்கும் தேங்காய் உடைபடும் ஓசை. சாலையின் இருமருங்கிலும் தண்ணீர்ப் பந்தல்கள். இனம், மதம் பாராது வருவோர்க்கெல்லாம் நீரும் மோரும் அன்னமும் வழங்கும் கரங்கள். இந்து சமுதாயத்தின் ஈகைப் பண்புக்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை. ஆனால், விழா முடிந்த மறுநாள் அதே சாலையில் குவிந்து கிடக்கும் தேங்காய்ச் சில்லுகளும் மிச்ச உணவும் பிளாஸ்டிக் குவளைகளும் எங்கே போகின்றன என்று எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே.

பினாங்குத் தீவின் குப்பை பத்து மாவுங்கில் சேர்க்கப்பட்டு, மிதவைப் படகில் கடல் கடந்து, செபராங் பிறையின் தென்பகுதியில் நிபோங் திபாலுக்கு அருகிலுள்ள பூலாவ் பூரோங் குப்பைமேட்டைச் சென்றடைகிறது. 2022ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் அக்குப்பைமேட்டில் தீ மூண்டது. அதனை அடக்கப் பல நாள்கள் பிடித்தன. தமிழர்கள் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் பைராம் தோட்டப் பகுதி மக்கள் புகைக்கு அஞ்சி வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. அவ்வாண்டின் தைப்பூசம் அதே ஜனவரித் திங்கள் 18ஆம் நாள் வந்தது என்பது கருதத்தக்கது. ஒருவர் வீசி எறிவது மற்றொருவரின் வாசலில் புகையாய் எழுகிறது என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது.

தீ மூளாத நாள்களிலும் கேடு நின்றுவிடுவதில்லை. சோறும் காய்கறிக் கழிவும் இலையும் காற்றுப் புகாதபடி மண்ணுக்கடியில் அழுகும்போது மீத்தேன் என்னும் வாயு உண்டாகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், ஒரே எடையுள்ள கரியமில வாயுவைவிட அது ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பூமியில் தேக்கவல்லது. பருவநிலை மாற்றம் என்பது எங்கோ வடதுருவத்துப் பனிமலைகளைப் பற்றிய செய்தியன்று. 2017ஆம் ஆண்டு நவம்பரில் பினாங்கை மூழ்கடித்த பெருவெள்ளம் உயிர்களையும் உடைமைகளையும் கொண்டுபோனதை மக்கள் மறக்கவில்லை. பூமி வெப்பமடையுந்தோறும் இத்தகைய கடும் மழைக்கான வாய்ப்பு மிகும் என்றே அறிவியலார் எச்சரிக்கின்றனர்.

இவ்வகையில் ஊராட்சி மன்றங்கள் வாளாவிருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பினாங்கு மாநிலத்தில் இலவசப் பிளாஸ்டிக் பைகளுக்கு எதிரான இயக்கம் 2009ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. மறுசுழற்சிக்குரிய பொருள்களை வீட்டிலேயே பிரித்து வைக்கும் முறை 2016ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்தது. வெப்பத்தையும் வெள்ளத்தையும் தாங்கும் வகையில் மரங்களையும் பசும் பூங்காக்களையும் பெருக்கும் திட்டமொன்றும் ஏறத்தாழ 1 கோடி அமெரிக்க டாலர் அனைத்துலக நிதியுதவியுடன் பினாங்குத் தீவில் மேற்கொள்ளப்பட்டுள்ளது. சிலாங்கூரில் பெட்டாலிங் ஜெயா மாநகர் மன்றம், மழைநீர் சேமித்தும் சூரிய ஒளியைப் பயன்படுத்தியும் இல்லங்களைப் பசுமையாக்குவோர்க்கு மதிப்பீட்டு வரியில் கழிவு வழங்கும் திட்டத்தை 2011ஆம் ஆண்டில் தொடங்கியது.

எனினும், சட்டமும் வரிக்கழிவும் பாதித் தொலைவுதான் செல்லும். மாநகர் மன்றத்தின் லாரி குப்பையை அள்ளிச் செல்லலாம். ஆனால் சோற்றையும் பிளாஸ்டிக்கையும் ஒன்றாகக் கலந்து கொட்டியபின் அதனைப் பிரித்தெடுக்க எந்த மன்றத்தாலும் எளிதில் இயலாது. பிரிக்க வேண்டிய இடம், அதனை எறியும் கையின் அருகிலேயே இருக்கிறது. மக்களின் ஒத்துழைப்பு இல்லாத பருவநிலைத் திட்டம் ஏட்டளவில் நின்றுவிடும் என்பது இதனால்தான்.

ஒத்துழைப்பு என்பது ஒருவழிப் பாதையும் அன்று. இந்நாட்டில் ஊராட்சித் தேர்தல்கள் 1965ஆம் ஆண்டு நிறுத்தி வைக்கப்பட்டன. மன்ற உறுப்பினர்கள் மாநில அரசாங்கத்தால் நியமிக்கப்படுகின்றனரேயன்றி வாக்களித்துத் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை. ஆகவே, மக்களைத் தேடிச் சென்று கேட்கும் கடமை மன்றங்களுக்கு இரட்டிப்பாகிறது. அது இயலாத ஒன்றன்று. 2012ஆம் ஆண்டில் ஜோர்ஜ்டவுன் ஜாலான் சுங்கை அடுக்குமாடி மக்களிடமும் செபராங் பிறையின் அம்பாங் ஜாஜார் மக்களிடமும், எத்தேவைக்குப் பணத்தை முதலில் செலவிடலாம் எனக் கேட்டறியும் முயற்சி மேற்கொள்ளப்பட்டது. அதே அணுகுமுறை ஆலய வாசலுக்கும் வர வேண்டும். விழாவுக்கு இரண்டு நாள் முன்னதாக விதிமுறைத் தாளை நீட்டி, பின்னர் அபராதம் விதிப்பதில் பயனில்லை. பல மாதங்களுக்கு முன்பே ஆலய நிர்வாகத்தினரையும் பந்தல் அமைப்பாளர்களையும் அழைத்துப் பேசி, உணவுக் கழிவுக்கெனத் தனித் தொட்டியும் தனி லாரியும் உறுதிசெய்வதே முறை. தனித்தனியே பிரித்ததை ஒரே லாரியில் கொட்டினால் மக்களின் நம்பிக்கை அன்றோடு போய்விடும்.

சமுதாயத்தின் பங்கு என்ன? ஒவ்வொரு பந்தலிலும் உணவுக்கு ஒன்று, மறுசுழற்சிப் பொருளுக்கு ஒன்று, ஏனையவற்றுக்கு ஒன்று என மூன்று தொட்டிகள் வைத்து, அவற்றின் அருகே இளைஞர் இருவரை நிறுத்தலாம். வாழையிலையும் கழுவிப் பயன்படுத்தும் குவளைகளும் பாட்டன் காலத்துப் பழக்கமே. புதிதாகக் கற்க வேண்டியது ஒன்றுமில்லை. சமைப்பதை அளவறிந்து சமைத்தால் அன்னம் குப்பையாவது தடுக்கப்படும். ஆயிரம் தேங்காய் உடைக்க நேர்ந்துகொண்டோர் சிலவற்றை உடைத்து, எஞ்சிய தொகையை ஏழை மாணவர் கல்விக்கு அளிப்பதும் இறைவனுக்கு உவப்பானதே. விழாக் கழிவில் ஒரு பகுதி எருவாகி ஆலய நந்தவனத்துக்கே திரும்புமாயின் அதனினும் சிறப்பு வேறில்லை.

சிறிய பந்தல்கள் இதற்கு ஆகும் செலவைத் தாங்குமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். குவளைகளையும் கழுவும் வசதியையும் பல பந்தல்கள் கூட்டாகப் பெறவும், அதற்கு மாநகர் மன்றம் தோள்கொடுக்கவும் வழிகாண வேண்டும்.

தாகம் தீர்க்கவே தண்ணீர்ப் பந்தல் தோன்றியது. வழிநடப்போரின் துயர் துடைப்பதே அதன் அறம். அந்த அறம் சாலையின் முடிவோடு நின்றுவிடலாகாது. கடலுக்கு அப்பால் குப்பைமேட்டின் ஓரம் வாழும் பைராம் தோட்டத்துக் குழந்தையின் மூச்சுக்காற்று வரையிலும் அது நீள வேண்டும். மாநகர் மன்றமும் ஆலயமும் பக்தரும் கைகோத்தால் வரும் தைப்பூசங்களில் அது கைகூடும் என்பதில் ஐயமில்லை.